ஊர் வந்து போகும் உரிமை

வெளிநாட்டுக்கு வேலைக்குப் போனவரைப் பற்றி நம் வீடுகளில் இரண்டு விதமான குறை எழும். "அவனுக்கு அங்கே மனசே ஒட்டலை, வருஷா வருஷம் ஓடி வந்துடறான்" என்பது ஒன்று. "அங்கேயே ஊறிட்டான், ஊர்ப்பக்கம் தலைவச்சுக்கூடப் படுக்கிறதில்லை" என்பது மற்றொன்று. கேட்கும்போது எதிரெதிராகத் தெரிந்தாலும் இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒரே எண்ணம்தான்: போன நாட்டில் ஒன்றிப்போவதும் பிறந்த ஊருக்கு வந்து போவதும் ஒன்றையொன்று கெடுப்பவை, ஒன்று கூடினால் மற்றது குறையும். வேலைக்கு ஆள் எடுக்கும் நாடுகளின் சட்டங்களும் பெரும்பாலும் இதே எண்ணத்தில்தான் எழுதப்பட்டிருக்கின்றன. கடந்த நூறாண்டு அனுபவம் காட்டுவது இதற்கு நேர்மாறானது. எப்போது வேண்டுமானாலும் ஊருக்குப் போய்த் திரும்ப முடியும் என்ற உறுதி உள்ளவர்தான் அயல் மண்ணில் நிம்மதியாகக் காலூன்றுகிறார். அந்த உறுதி இல்லாதவர் இரண்டு பக்கத்தில் ஏதோ ஒன்றில் சிக்கிக்கொள்கிறார். ஆகவே ஊர் வந்து போவதை முதலாளி தரும் சலுகையாகப் பார்ப்பதை விட்டுவிட்டு, வேலை ஒப்பந்தத்தின் அடிப்படை உரிமையாகக் கேட்க வேண்டும்.

தமிழ்நாட்டில் இது எத்தனை வீடுகளின் பிரச்சினை என்பதற்கு 2015இல் நடந்த தமிழ்நாடு புலம்பெயர்வு ஆய்வு ஓர் அளவுகோல். மாநிலத்திலிருந்து போய் வெளிநாட்டில் வசிப்பவர்கள் சுமார் 22 லட்சம் பேர் என்று அது மதிப்பிட்டது. இவர்களில் பெரும்பகுதியினர் இருப்பது சிங்கப்பூரிலும் வளைகுடா நாடுகளிலும். இராமநாதபுரம், சிவகங்கை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் பக்கங்களில் மாப்பிள்ளையின் லீவைக் கேட்டுக்கொண்டுதான் கல்யாணத் தேதியே குறிப்பார்கள். வளைகுடாச் சட்டப்படி பார்த்தால் லீவு குறைவில்லை. ஐக்கிய அரபு அமீரகத்தில் ஓராண்டு வேலை முடித்தவருக்கு 30 நாள். சவுதி அரேபியாவில் 21 நாள், ஐந்தாண்டு ஆனபின் 30. சிங்கப்பூரில் முதல் வருடம் 7 நாள்தான், போகப்போக 14 வரை ஏறும். நடைமுறை வேறு. கட்டட வேலைக்கும் கடை வேலைக்கும் போனவர்கள் இரண்டு வருட லீவைச் சேர்த்துவைத்து ஒரே தடவையாக வருவதுதான் வழக்கம். டிக்கெட் செலவு ஒரு காரணம். ஏஜென்டுக்குக் கட்டிய பணம் அதைவிடப் பெரிய காரணம். அதை வட்டிக்கு வாங்கிக் கட்டியிருந்தால் முதல் வருடச் சம்பளம் அந்தக் கடனை அடைக்கவே சரியாகப் போகும். கடன் தீராமல் ஊருக்கு வந்து நிற்க யாருக்கும் மனம் வராது. பிள்ளைகளை அங்கே படிக்க வைப்பவர்களுக்கு வேறொரு தொல்லை. வளைகுடாப் பள்ளிகள் மூடும் ஜூலை, ஆகஸ்டில் விமானக் கட்டணம் கிடுகிடுவென ஏறிவிடும்.

லீவு உறுதியானதும் அறையில் கட்டிலுக்கடியில் ஓர் அட்டைப்பெட்டி வந்து உட்காரும். பால்பவுடர், டாங், கோடாலித் தைலம், கம்பளி, பிள்ளைக்கு ஷூ என்று சம்பளத்துக்குச் சம்பளம் அது நிறையும். கடைசி இரவில் டேப் சுற்றி, கயிறு கட்டி, மார்க்கரால் பேரும் ஊரும் எழுதி, கைத்தராசில் தூக்கிப் பார்ப்பார்கள். 30 கிலோவைத் தாண்டினால் பிரித்து, எதை விட்டுவிட்டுப் போவது என்று அறையே கூடி யோசிக்கும். ஊரில் அவருக்குக் காத்திருக்கும் பட்டியல் அந்தப் பெட்டியைவிடக் கனமானது: அப்பாவின் கண் ஆபரேஷன், பாதியில் நிற்கும் கான்கிரீட், பங்காளியோடு பாகப்பிரிவினை, பத்திரப் பதிவு, மகளின் பள்ளி அட்மிஷன், தங்கைக்கு வரன். இரண்டு மாதத்துக்குள் இரண்டு வருடக் குடும்பப் பொறுப்பைச் செய்து முடித்தாக வேண்டும். இதை ஓய்வு என்றோ ஊர்மோகம் என்றோ சொல்வது பொருந்தாது. தூரத்தில் இருந்துகொண்டு ஒரு குடும்பத்தை நடத்தும் முறை இது. இந்தக் காரியங்கள் கையைவிட்டுப் போகாமல் இருந்தால்தான் திரும்பிப் போனவர் அங்கே வேலையில் மனதைச் செலுத்த முடியும். ஊரில் எல்லாம் அந்தரத்தில் தொங்கும்போது, உடலால் அங்கிருந்தும் மனதால் இல்லாத ஒருவரைத்தான் முதலாளிகூடப் பெறுகிறார்.

செலவும் கடனும் ஒருபுறம் இருக்க, போய்வருவதைத் தீர்மானிப்பது கடைசியில் சட்டம்தான். வளைகுடாவின் கபீல் முறையில் தொழிலாளியின் தங்கும் அனுமதி முதலாளியின் பேரில் நிற்கிறது. சில நாடுகளில் நெடுங்காலம் நாட்டைவிட்டு வெளியே காலடி வைப்பதற்கும் அவர் சம்மதம் வேண்டியிருந்தது. கத்தார் 2018இல் பெரும்பாலான தொழிலாளர்களுக்கு இந்த வெளியேறும் அனுமதியை நீக்கியது. 2020 ஜனவரியில் வீட்டு வேலையாட்களுக்கும் நீக்கியது. சவுதி அரேபியா 2021 மார்ச் 14 முதல், தனியார் துறைத் தொழிலாளி எக்ஸிட் ரீ-என்ட்ரி விசாவை முதலாளியின் ஒப்புதல் இல்லாமல் தாமே எடுக்கலாம் என்றது. இவை பெரிய முன்னேற்றங்கள், வரவேற்கத்தான் வேண்டும். ஆனால் எழுதிய கையே அழிக்கவும் கூடும் என்பதற்குக் குவைத் சாட்சி. 2025 ஜூலை 1 முதல் அங்கே தனியார் துறையில் வேலை செய்யும் வெளிநாட்டவர் ஊருக்குக் கிளம்புமுன் முதலாளியின் ஒப்புதலோடு அனுமதி பெற வேண்டும் என்ற விதி புதிதாக வந்திருக்கிறது. அம்மா சாகக் கிடக்கிறாள் என்ற செய்தி வந்த இரவில், கிளம்பலாமா வேண்டாமா என்பதை மேலாளர் ஒருவரின் கைப்பேசி முடிவு செய்கிறது.

கூலி வேலைக்குப் போனவருக்குத்தான் இந்தக் கஷ்டம், படித்துவிட்டு அமெரிக்கா போனவருக்கு இல்லை என்று நினைப்பவர்கள் உண்டு. எச்-1பி விசாவில் இருக்கும் ஒரு மென்பொருள் பொறியாளரைப் பாருங்கள். அவர் அங்கே தங்கி வேலை செய்ய ஒப்புதல் கடிதம் போதும். ஆனால் வெளியே போய்த் திரும்பி நுழையப் பாஸ்போர்ட்டில் செல்லுபடியாகும் விசா முத்திரை வேண்டும். முன்பு அந்த ஸ்டாம்பிங்கை அமெரிக்காவுக்குள்ளேயே செய்துகொள்ள முடிந்தது; 2004 ஜூலையில் அதை நிறுத்தினார்கள். 2024இல் 20,000 பேருக்கு மட்டும் சோதனையாக மீண்டும் அனுமதித்துப் பார்த்தார்கள், அதோடு சரி. வேலைவழி கிரீன் கார்டு ஆண்டுக்கு 1,40,000. அதில் ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கு 7 சதவீதம்தான் உச்சவரம்பு என்பதால் இந்தியர்களின் காத்திருப்பு பல பத்தாண்டுகளுக்கு நீள்கிறது. அத்தனை காலமும், முத்திரை காலாவதியான பின் ஊருக்கு வருகிற ஒவ்வொரு முறையும் புதிய முத்திரைக்காகத் தூதரகத்தின் தேதியை நம்பியே வர வேண்டியிருக்கிறது. 2025 செப்டம்பரில் எச்-1பி-க்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்ற அறிவிப்பு வந்தபோது, அது புதிய விண்ணப்பங்களுக்கு மட்டும் என்ற விளக்கம் வெளியாகும் முன்பே, இந்தியா கிளம்ப விமானத்தில் ஏறி உட்கார்ந்தவர்கள் இறங்கினார்கள். லீவில் வந்தவர்கள் பாதியில் திரும்பி ஓடினார்கள். அதே ஆண்டு டிசம்பரில் சமூக ஊடகக் கணக்குகளை ஆராயும் நடைமுறை எச்-1பிக்கும் வந்தது. இந்தியத் தூதரகங்களில் குறித்திருந்த நேர்காணல்கள் மாதக்கணக்கில் தள்ளிப்போக, சில வாரங்களுக்கென்று வந்தவர்கள் இங்கேயே மாட்டிக்கொண்டார்கள். இதைப் பார்த்த மற்றவர்கள் என்ன செய்வார்கள்? ஊருக்கு வருவதையே தள்ளிப்போடுவார்கள். சம்பளம் எவ்வளவு என்பதைவிட, திரும்பி நுழைவது உறுதியா என்பதே இங்கும் பிரச்சினை.

ஊருக்குப் போகும் வழியை அடைத்தால் ஆள் அங்கேயே ஒன்றிவிடுவார், அல்லது ஒரேயடியாகக் கிளம்பிவிடுவார் என்று அரசுகள் கணக்குப் போடுகின்றன. இந்தக் கணக்கு எப்படிப் பொய்த்தது என்பதற்கு ஜெர்மனியைவிடத் தெளிவான பாடம் கிடையாது. 1961 அக்டோபரில் மேற்கு ஜெர்மனி துருக்கியோடு ஆள் எடுக்கும் ஒப்பந்தம் போட்டது. இரண்டு வருடம் வேலை செய்துவிட்டுத் திரும்ப வேண்டும், அந்த இடத்துக்கு வேறொருவர் வருவார் என்பதே முதலில் இருந்த ஏற்பாடு. பழகிய தொழிலாளியை அனுப்பிவிட்டுப் புதியவரைப் பழக்குவது ஆலை முதலாளிகளுக்கே கட்டுப்படியாகவில்லை. 1964இல் அந்த வரம்பை எடுத்தார்கள். துருக்கியர்கள் கோடை விடுமுறையில் கூரைமேல் சாமான் கட்டிய கார்களில் யூகோஸ்லாவியா வழியாக நாள்கணக்கில் ஓட்டி ஊருக்குப் போனார்கள், திரும்பினார்கள். 1955 முதல் 1973 வரை பல நாடுகளிலிருந்து மேற்கு ஜெர்மனிக்கு வந்த தொழிலாளர்கள் சுமார் 1.4 கோடிப் பேர். அவர்களில் ஏறத்தாழ 1.1 கோடிப் பேர் ஊர் திரும்பிவிட்டவர்கள். எண்ணெய் நெருக்கடியின்போது, 1973 நவம்பர் 23 அன்று, ஜெர்மனி ஆள் எடுப்பதை நிறுத்தியது. இனி எண்ணிக்கை குறையும் என்று எதிர்பார்த்தார்கள். துருக்கித் தொழிலாளியோ வேறு மாதிரி யோசித்தார்: இப்போது வேலையை விட்டு ஊருக்குப் போனால் மறுபடி வர முடியாது, போகாமல் இருந்து மனைவி மக்களை இங்கே கூப்பிட்டுக்கொள்வதே மேல். 1973இல் 9 லட்சத்துக்குச் சற்று மேல் இருந்த துருக்கியர்கள் 1982இல் 15 லட்சத்தைத் தாண்டினார்கள். இதே காலத்தில் இத்தாலியர்களைக் கவனிக்க வேண்டும். ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தின் விதிப்படி அவர்களுக்குப் போகவர முழுச் சுதந்திரம் இருந்தது. ஜெர்மனியில் அவர்கள் தொகை ஏறவில்லை, குறைந்தது. ஒரே நாடு, ஒரே பொருளாதாரச் சரிவு, ஒரே மாதிரியான ஆலை வேலை. இரு கூட்டத்தாருக்கும் இடையே பல வேறுபாடுகள் இருந்தாலும், கதவு திறந்திருந்தவர்கள் வந்து போனார்கள், அடைபட்டவர்கள் தங்கிவிட்டார்கள் என்பதை மறுக்க முடியாது.

அமெரிக்காவின் தெற்கெல்லையிலும் இதுவே நடந்தது. சமூகவியலாளர் டக்ளஸ் மாஸியும் அவருடைய மெக்சிகோ நண்பர் ஹோர்ஹே டுராண்டும் பல பத்தாண்டுகள் சேகரித்த தரவுகளின்படி, 1965 முதல் 1985 வரை ஆவணமின்றி எல்லை தாண்டி வந்தவர்களில் 85 சதவீத அளவுக்கு ஆட்கள் திரும்பியும் போய்க்கொண்டிருந்தார்கள். பழம் பறிக்கும் பருவத்துக்கு வருவது, கையில் காசு சேர்ந்ததும் கிராமத்துக்குப் போவது என்று ஓடிய வாழ்க்கை அது. 1986க்குப் பிறகு எல்லைக் காவலுக்குக் கோடிக்கணக்கில் கொட்டியதும், கடப்பது உயிர் பணயமாகவும் பெருஞ்செலவாகவும் ஆனது. வருவது பெரிதாக நிற்கவில்லை. திரும்பிப் போவதுதான் நின்றது. ஒருமுறை உயிர் தப்பி வந்தவர் இன்னொருமுறை எல்லைப் பாலைவனத்தைக் கடக்க எதற்குத் துணிவார்? குடும்பத்தைத் தம்மிடம் வரவழைத்துக்கொண்டார்.

தமிழருக்கு இது தூரத்துக் கதையாகத் தோன்றலாம். இலங்கை மலையகத்தின் வரலாற்றை எடுத்துக்கொண்டால் இதே கேள்வி நம் மக்களின் குடியுரிமையையே பறித்திருப்பது தெரியும். காப்பித் தோட்டக் காலத்தில் அறுவடைக்குப் போய் அறுவடை முடிந்ததும் திரும்பிய கூட்டம், தேயிலை வந்தபிறகு ஆண்டு முழுவதும் அங்கேயே தங்கியது. ஆனாலும் திருச்சி, மதுரை, புதுக்கோட்டைச் சீமைக் கிராமங்களோடு இருந்த தொடர்பு அறவில்லை. தனுஷ்கோடிவரை போட் மெயில் ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் என்று போக்குவரத்து நடந்தது. இந்தப் போக்குவரத்தையே காட்டி, இவர்களுக்கு இத்தீவில் வேரில்லை என்று கொழும்பு அரசியல்வாதிகள் வாதிட்டார்கள். 1948இன் குடியுரிமைச் சட்டம் அவர்களை வெளியே நிறுத்தியது. 1949இல் வந்த இந்திய, பாகிஸ்தானியர் குடியுரிமைச் சட்டம், மணமானவர்கள் 7 ஆண்டும் மற்றவர்கள் 10 ஆண்டும் இடைவிடாமல் வசித்ததை நிரூபிக்க வேண்டும் என்றது. எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்காக விண்ணப்பங்கள் போனதில் குடியுரிமை கிடைத்தது சுமார் 1,34,000 பேருக்குத்தான். 1964 அக்டோபரில் சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று ஒதுக்கியது. அவர்களில் எத்தனையோ பேர் பிறந்து வளர்ந்தது தோட்டத்து லயங்களில், இந்தியாவைக் கண்ணால் பார்த்திராதவர்கள். ஊருக்குப் போய்வந்த தாத்தாவின் பயணம் பேரனுக்கு எதிரான சாட்சியாக நிறுத்தப்பட்டது. போய்வருவதை விசுவாசமின்மை என்று பெயரிடும் அரசியல் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை இதைவிடக் கொடூரமாக யாரும் காட்ட முடியாது.

அடிக்கடி ஊருக்கு வந்தால் அங்கே மனம் ஒட்டாது, ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து பழக வேண்டியிருக்கும் என்பது பலர் சொல்லும் ஆட்சேபம். திரும்பிப் போன முதல் சில வாரங்கள் கனமாக இருக்கும் என்பது உண்மை. அந்தக் கனத்தை வைத்து ஒருவர் அங்கே ஒன்றவில்லை என்று முடிவுகட்ட முடியாது. வேற்றுநாட்டு வாழ்க்கைக்குப் பழகுவதைப் பற்றி 1955இல் நார்வேயின் லிஸ்கார்ட் சொன்ன விளக்கம் பிரபலமானது: தொடக்கத்தில் உற்சாகம், நடுவில் சோர்வு, பிறகு தேறுதல். பின்னால் வந்த ஆய்வுகள் எல்லோருக்கும் இந்த ஒரே வளைவு பொருந்துவதில்லை என்று கண்டன. உளவியலாளர் ஜான் பெரியும் சகாக்களும் 13 நாடுகளில் குடியேறிய குடும்பங்களின் இளைஞர்கள் ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் படித்து 2006இல் வெளியிட்டது இன்னும் நேரடியான பதில். பிறந்த பண்பாட்டையும் குடியேறிய நாட்டையும் சேர்த்துப் பிடித்தவர்களே மனநிலையிலும் பள்ளியிலும் நன்றாகத் தேறியிருந்தார்கள். எதிலும் ஒட்டாமல் அலைந்தவர்களின் நிலைதான் மோசம். ஊரோடு உறவை அறுத்தால்தான் அங்கே வேர் பிடிக்கும் என்ற கருத்துக்கு அந்த ஆய்வில் ஆதாரம் இல்லை.

கையில் கைப்பேசி இருக்கும்போது எதற்கு டிக்கெட்டுக்குக் காசைக் கரைப்பது, அந்தப் பணத்தை வீட்டுக்கு அனுப்பலாமே என்று கேட்பவர்களும் உண்டு. உலக வங்கிக் கணக்குப்படி 2024இல் வெளிநாட்டு இந்தியர்கள் அனுப்பியது சுமார் 12,900 கோடி டாலர்; உலகில் வேறெந்த நாட்டுக்கும் இவ்வளவு வரவில்லை. இத்தனை பணத்தை அனுப்புகிறவருக்கு அது என்ன ஆகிறது என்று கண்ணால் பார்க்க உரிமை இல்லையா? மேஸ்திரி போட்ட கம்பி என்ன தடிமன் என்று வீடியோ கால் சொல்லாது. பத்திரப் பதிவுக்கு ஆள் வேண்டும், இல்லையென்றால் பவர் எழுதிக் கொடுக்க வேண்டும். அதில் ஏமாந்த குடும்பங்கள் எத்தனையோ. ஏன், அமீரகத்தில் வாட்ஸ்அப் அழைப்புகூட வேலை செய்யாது, வேறு செயலிக்குத்தான் போக வேண்டும். இரண்டு வயதில் விட்டுப்போன குழந்தை நாலு வயதில் அப்பாவைத் திரையில் அடையாளம் காணும். வீட்டுக்குள் வந்து நின்றால் அம்மாவின் சேலைக்குப் பின்னால் ஒளியும். அந்தத் தயக்கம் கரைய ஒரே கூரையின்கீழ் சில வாரங்கள் வேண்டும், அதற்குக் குறுக்குவழி கிடையாது.

முதலாளிகளின் வாதத்தைத் தள்ளிவிட முடியாது. ஆள் எடுக்க, விசாவுக்கு, தங்குமிடத்துக்கு என்று அவர்கள் செலவு செய்கிறார்கள். லீவில் போனவர் வேறு வேலைக்குத் தாவிவிட்டால் நட்டம்தான். சிங்கப்பூரில் மலேசியர் அல்லாத ஒவ்வொரு வொர்க் பெர்மிட் தொழிலாளிக்கும் முதலாளி 5,000 வெள்ளி பிணை கட்ட வேண்டியிருக்கிறது. ஆனால் போனவர் திரும்பாமல் போவதற்குக் காரணத்தைத் தேடினால் சம்பளப் பாக்கி, ஒப்பந்தத்தில் சொன்னது ஒன்று கொடுத்தது ஒன்று, வெயிலில் வேலை என்று போகும். இவற்றைச் சரிசெய்த இடத்தில் ஆட்கள் தாமாகத் திரும்பி வருகிறார்கள். பத்து, இருபது வருடம் ஒரே கம்பெனியில் இருந்து ஊருக்கு வந்து போகிறவர்கள் நம் மாவட்டங்களில் ஏராளம். பாஸ்போர்ட்டைப் பூட்டி வைத்துக் காப்பாற்றும் உழைப்பு நல்ல உழைப்பாக இருக்கவும் முடியாது.

திரும்பும் உறுதிதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது என்பதற்குக் கொரோனாக் காலம் மேலும் ஒரு சாட்சி. 2020 மார்ச் 23 முதல் இந்தியா நிறுத்திய வழக்கமான சர்வதேச விமானங்கள் 2022 மார்ச் 27இல்தான் முழுமையாகத் திரும்பின. அந்த இரண்டு ஆண்டும் ஊருக்கு வரமுடியாதவர் அங்கே தவித்தார். லீவில் வந்தவர் இங்கே மாட்டிக்கொண்டு, விசா காலாவதியாகும் நாளை எண்ணினார். இந்தியாவிலிருந்து நேராக வரக்கூடாது என்று சவுதி சொன்னதால் மாலத்தீவு, நேபாளம் போன்ற மூன்றாம் நாட்டில் 14 நாள் தங்கி, கடன்மேல் கடன் வாங்கி வேலைக்குப் போய்ச் சேர்ந்தவர்கள் ஆயிரக்கணக்கில். லாபமும் சேமிப்பும் பார்க்கிறவர்களாக இருந்தால் அந்தப் பணத்துக்கு ஊரிலேயே ஏதாவது செய்திருப்பார்கள். திரும்பும் வழி மூடிவிடும் என்ற பயம்தான் அவர்களைத் துரத்தியது.

ஈழத்திலிருந்து அகதியாகப் போனவர்களின் நிலை இவற்றையெல்லாம்விடக் கடினமானது. உயிருக்கு ஆபத்து என்று சொல்லித் தஞ்சம் பெற்றவர் அதே நாட்டுக்குப் போய்வந்தால், ஆபத்து நீங்கிவிட்டது என்று அந்தப் பாதுகாப்பு பறிபோகலாம். கனடாவில் 2012 சட்டத்துக்குப் பிறகு அகதி நிலை அப்படி நீக்கப்பட்டால் நிரந்தரவாச உரிமையும் கூடவே போகும். அதனால்தான் டொரன்டோவிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் புறப்பட்டுச் சென்னையிலோ திருச்சியிலோ கூடி எத்தனையோ கல்யாணங்கள் நடந்தன. தஞ்சத்தின் தர்க்கம் புரிகிறது. பொய் சொல்லித் தஞ்சம் பெறுவதைத் தடுக்க ஏதாவது விதி வேண்டும்தான். ஆனால் சாகும் தகப்பனைப் பார்க்கப் பத்து நாள் போய்வருவது அச்சம் தீர்ந்துவிட்டதற்குச் சான்றாகாது.

இந்த உரிமைக்குச் சர்வதேசச் சட்டத்தில் இடம் ஏற்கெனவே இருக்கிறது. தம் நாட்டுக்குத் திரும்ப எவருக்கும் உரிமை உண்டு என்கிறது 1948இன் மனித உரிமைப் பிரகடனம். வேலை செய்யும் நாட்டுக்கு மீண்டும் நுழைவதைப் பற்றி அது பேசவில்லை. அந்தப் பாதிதான் தொழிலாளிக்கு இல்லாமல் போனது. ஐக்கிய நாடுகள் சபை 1990 டிசம்பர் 18இல் ஏற்ற புலம்பெயர் தொழிலாளர் உடன்படிக்கையின் 38ஆம் பிரிவு அதை நிரப்பப் பார்க்கிறது: முறைப்படி வேலைக்கு வந்தவர் தற்காலிகமாக வெளியே போய்வந்தால் அவருடைய தங்கும், வேலை செய்யும் அனுமதி பாதிக்காமல் இருக்க, வேலை தரும் நாடு எல்லா முயற்சியும் எடுக்க வேண்டும் என்கிறது. இலங்கை 1996இல் ஒப்புக்கொண்டது. இந்தியா இன்றுவரை இல்லை. ஒரு வளைகுடா நாடும் இல்லை, ஆள் எடுக்கும் மேலை நாடுகளில் ஒன்றுகூட இல்லை. தில்லி முதலில் இதில் கையெழுத்திட வேண்டும். பிறகு வளைகுடா நாடுகளோடு தொழிலாளர் ஒப்பந்தம் பேச உட்காரும் ஒவ்வொரு முறையும், சம்பளத்தோடும் காப்பீட்டோடும் சேர்த்து மூன்றைக் கேட்க வேண்டும்: ஆண்டுக்கொரு லீவுக்கு முதலாளி தரும் இருவழி டிக்கெட்; பெற்றோர், துணை, பிள்ளை சாவுக்கும் கடும் நோய்க்கும் உடனே கிளம்பும் அனுமதி; ஊரில் மாட்டிக்கொண்டால் விசா தானாக நீளும் ஏற்பாடு. சென்னையில் அயலகத் தமிழர் நாள் கொண்டாடும் அரசும் இந்த மூன்றை வெளியுறவு அமைச்சகத்திடம் எழுத்தில் வற்புறுத்த வேண்டும்.

இந்தப் பேச்சில் முதலில் சேர்க்க வேண்டியவர்கள் வீட்டு வேலைக்குப் போன பெண்கள். சவுதியின் 2021 சீர்திருத்தம் அவர்களை வெளியேதான் விட்டது. கத்தாரில் அனுமதி நீங்கிய பிறகும், கிளம்புவதற்கு 72 மணி நேரம் முன்பே வீட்டுக்காரருக்குச் சொல்ல வேண்டும். அப்படிச் சொன்ன ஒரு பெண்ணை அதே வீட்டிலிருந்து விமான நிலையத்துக்கு யார் கொண்டுபோய்ச் சேர்ப்பார், கடைசி மாதச் சம்பளத்தை யார் வாங்கித் தருவார் என்பதற்கு ஒப்பந்தத்தில் தெளிவான ஒரு வரி வேண்டும். பேச்சுவார்த்தை அந்த வரியிலிருந்து தொடங்கட்டும்.